யாரை எண்ணினார்கள்? – சேலம், நாமக்கல்லில் எய்ட்ஸ் கணக்கும் ஆஸ்பத்திரி வேலையாட்களும்

எய்ட்ஸ் பற்றி நம் பக்கத்தில் எழுதப்பட்ட வரலாறு எல்லாமே நோயாளிகளை எண்ணிய வரலாறுதான். எத்தனை பேருக்கு வந்தது, எந்த ஊரில் வந்தது, யார் மூலமாக வந்தது என்பதே அதன் கேள்விகள். அவர்களைப் பார்த்துக்கொண்டது யார், எத்தனை பேர், எந்தச் சம்பளத்தில், எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்ற கணக்கு யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட அளவுக்குக்கூட அது முழுசாகப் போடப்படவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டி, லீ பஜார், வெல்லம், பருப்பு, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, சரக்கு ஏற்றி இறக்க வந்து நிற்கிற லாரிகள். லாரி யாருடையது, மண்டி யாருடையது, மூட்டை யார் முதுகில் என்று மூணு கேள்வி கேட்டால் இந்த ஊரின் சாதி அமைப்பு முழுசும் வெளியே வந்துவிடும். இங்கிருந்து தெற்கே போனால் நாமக்கல், மேற்கே போனால் சங்ககிரி, திருச்செங்கோடு. லாரி, டேங்கர், போர்வெல் வண்டி என்று நாடு முழுக்கப் போய்வருகிற சக்கரங்கள் எல்லாம் இந்தச் சமவெளியில்தான் பாடி கட்டப்படுகின்றன, இங்கேதான் திரும்பி வருகின்றன. முதலாளி பெரும்பாலும் ஆதிக்க சாதி. கிளீனர் வேலைக்கும் லோடு வேலைக்கும் சேரிப் பையன்கள். எய்ட்ஸ் வந்தபோது பழி மட்டும் கீழேயிருந்து மேலே போகவில்லை. அது டிரைவரோடும் கிளீனரோடும் நின்றுகொண்டது.

தொடக்கம் சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 1986இல் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அதை அறிவித்தார். இந்தியாவின் எய்ட்ஸ் கணக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ரத்தம் கொடுத்த பெண்கள் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். பின்னால் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகவே தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990இல் நீதிமன்றத்தின் மூலம்தான் அவர்கள் வெளியே வர முடிந்தது. எண்ணுவது என்பது அடைப்பதற்கான முதல் படியாக இருந்த காலம் அது. நம் ஜனங்களுக்குப் பதிவேடு என்றாலே வயிற்றைக் கலக்குவதில் நியாயம் இருக்கிறது.

1992இல் உலக வங்கிக் கடனோடு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 1998இலிருந்து வருஷா வருஷம் கண்காணிப்புக் கணக்கு எடுத்தார்கள். முறை இதுதான்: ஒரு ஆஸ்பத்திரிக்கு வருகிற கர்ப்பிணிகளில் வரிசையாக 400 பேர். வேறு பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சத்தை எடுத்து, பெயரைக் கிழித்துவிட்டு, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்ப்பது. பெயர் கிழிக்கப்பட்டதால் ரகசியம் காப்பாற்றப்பட்டது. அதே காரணத்தால், இருக்கிறது என்று தெரிந்த பெண்ணிடம் போய் உனக்கு இருக்கிறது என்று சொல்லவும் வழியில்லை. அவள் பிள்ளை பெற்று, பால் கொடுத்து, ஊர் போய்ச் சேர்ந்தாள். ஆனால் அவள் ரத்தத்தால் மாவட்டத்துக்கு ஒரு சதவீதம் கிடைத்தது.

அந்தச் சதவீதங்களில் நாமக்கல் மேலே வந்தது. 1997 ஜனவரி 1இல் சேலத்திலிருந்து பிரிந்த புது மாவட்டம், பிறந்த கையோடு இந்தப் பெயரைச் சுமந்தது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் என்றால் 'ஏ' பிரிவு மாவட்டம். மூன்றாவது திட்டத்துக்காகப் பிரித்தபோது நாட்டில் 156 மாவட்டங்கள் அந்தப் பிரிவில் வந்தன. நாமக்கல் அதில் ஒன்று. கண்காணிப்புப் படிவத்தில் பெண்ணின் வயசு, படிப்பு, எத்தனாவது பிரசவம், கணவன் என்ன வேலை என்று கட்டங்கள் உண்டு. கணவன் தொழிலில் லாரி டிரைவர், உதவியாள் என்று தனிக் கட்டமே உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை. சாதியைக் கேட்காதது நல்லதுதானே என்று சிலர் சொல்லுவாங்க. தொழிலைக் கேட்டால் போதும், இந்த ஊரில் சாதி தானாக வந்துவிடும் என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். பழி போடுவதற்கு அந்தக் கட்டம் போதுமானதாக இருந்தது. உரிமை கேட்பதற்குத்தான் போதவில்லை.

இதே நாமக்கல் மாவட்டத்திலிருந்து வந்தவர்தான் பி. கௌசல்யா. லாரி ஓட்டிய சொந்தக்காரரைக் கல்யாணம் செய்து, அதில் எச்.ஐ.வி. வந்து, அதை ஒளிக்காமல் சொன்னவர். 1998இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று ஒரு அமைப்பை மற்றப் பெண்களோடு சேர்ந்து சென்னையில் தொடங்கினார். கணக்கில் 400இல் ஒன்றாகக் கிடந்த பெண், பெயரோடு வந்து பேசிய சம்பவம் இது. அந்த அமைப்புகள் கேட்டது என்ன? மருந்து கேட்டார்கள். அதோடு, மருந்து கொடுக்கிற இடத்தில் மனுசராக நடத்துகிற ஆட்கள் வேண்டும் என்றும் கேட்டார்கள். இரண்டாவது கோரிக்கை, யோசித்துப் பார்த்தால், வேலையாட்களைப் பற்றிய கோரிக்கை.

மருந்துக்கு வருவோம். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், சேலம், நாமக்கல் ஜனங்களுக்கு 'தாம்பரம்' என்பது ஒரு ஊர்ப் பெயர் அல்ல, ஒரு சொல். "தாம்பரத்துக்குப் போயிருக்கான்" என்றால் தெருவுக்கே புரியும். 1928இல் டேவிட் சௌரிமுத்து என்ற தமிழ் டாக்டர் காசநோய்க்காகத் தொடங்கிய சானடோரியம், அரசு ஆஸ்பத்திரியாகி, 1990களில் எய்ட்ஸ்காரர்களுக்குக் கதவு திறந்துவிட்டது. மற்ற ஆஸ்பத்திரிகள் தொடப் பயந்தவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சேலத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மாசத்துக்கு ஒருதரம் போய்வர ரயில் சார்ஜ், இரண்டு நாள் கூலி நஷ்டம், கூட வருகிற அம்மாவின் கூலி நஷ்டம். மருந்து இலவசமானாலும் அது இருந்த இடம் இலவசமாக இல்லை. அப்புறம்தான் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து மையங்கள் வந்தன.

இந்த இடத்தில்தான் வேலையாள் கணக்கு உள்ளே வருகிறது. மாத்திரையை லாரியில் அனுப்பிவிடலாம். சி.டி.4 பார்க்க லேப் டெக்னீசியன் வேணும், பேச ஆலோசகர் வேணும், மாத்திரை எண்ணிக் கொடுக்க மருந்தாளுநர் வேணும், விட்டுப்போனவரைத் தேடிப்போக ஒரு ஆள் வேணும். மையத்துக்கு இத்தனை பேர் என்று விதி போட்டார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் ஒருவரையே பராமரிப்பு ஒருங்கிணைப்பாளராக வைக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. நோயாளியை வேலையாள் கணக்கில் சேர்த்த அந்த ஒரு வரி, என் பார்வையில், இந்தத் திட்டத்தின் பெரிய காரியம். ஆனால் ஆலோசகரும் டெக்னீசியனும் ஒருங்கிணைப்பாளரும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். வருஷம் கழித்து இருப்போமா என்று தெரியாதவர் கையில், வாழ்நாள் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டிய மருந்தை ஒப்படைத்தார்கள்.

எத்தனை பேர் வேணும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு முறை வைத்திருக்கிறது. 1998இல் முதல் கையேடு போட்டார்கள், 2010இல் திருத்தினார்கள். ஜனத்தொகைக்கு இத்தனை என்று பங்கு பிரிக்காமல், அந்த இடத்தில் நடக்கிற வேலையை வைத்துக் கணக்குப் போடுவது. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு ஆலோசகர் வருஷத்தில் 270 நாள் வேலை செய்கிறார், நாளுக்கு 6 மணி நேரம் ஆட்களோடு பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,620 மணி. ஒருவரோடு ஒழுங்காகப் பேச 45 நிமிஷம் வேணும் என்றால், அவர் வருஷத்துக்கு 2,160 பேரிடம் பேசலாம். அந்த இடத்துக்கு 4,320 பேர் வந்தால் இரண்டு ஆலோசகர் வேணும். ஒருத்தர்தான் இருக்கிறார் என்றால் 45 நிமிஷம் 22 நிமிஷமாகும். இருபத்திரண்டு நிமிஷத்தில் எதை விடுவார்? ஆண்டையிடம் லீவு கேட்க முடியாதவன் மருந்துக்கு எப்படி வருவான் என்ற பேச்சைத்தான் விடுவார். படித்தவனுக்குச் சட்டென்று புரியும், அவனுக்கு அஞ்சு நிமிஷம் போதும். நிமிஷம் குறையும்போது யார் பங்கு குறைகிறது என்பது சாதாரணக் கூட்டல் கழித்தல்.

ஆப்பிரிக்காவில் நமீபியா நாடு தழுவி இந்த முறையில் கணக்குப் பார்த்தது. டாக்டரும் மருந்தாளுநரும் பற்றாக்குறை என்றும், நர்சுகளைப் பொறுத்தவரை மொத்த எண்ணிக்கையைவிட அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் கோளாறு என்றும் தெரிந்தது. தென்னாப்பிரிக்கா 2010இலிருந்து டாக்டருக்குக் காத்திராமல் பயிற்சி பெற்ற நர்சுகளே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்க வழி செய்தது. வேலையாள் எங்கே இருக்கிறார் என்று பார்த்து, அங்கே மருந்தைக் கொண்டுபோன வேலை அது.

நம்மிடமும் அதற்குப் பக்கத்தில் ஒன்று நடந்தது. பிரசவம் ராத்திரியும் நடக்கும், ஒரு நர்ஸ் இருபத்திநாலு மணி நேரம் விழித்திருக்க முடியாது என்ற சின்னக் கணக்கிலிருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூணு ஸ்டாஃப் நர்ஸ் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு 2000களில் பரவலாக்கியது. அவர்கள் அங்கே இருந்ததால்தான், எச்.ஐ.வி. பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கொண்டுவர முடிந்தது. 400 பேரில் ஒருத்தியாகத் தெரியாமலே போன கர்ப்பிணிக்கு, இப்போது பெயரோடு பரிசோதனை, பெயரோடு பதில். 2014இலிருந்து எச்.ஐ.வி. உள்ள எல்லாக் கர்ப்பிணிக்கும் வாழ்நாள் மருந்து. 2017இலிருந்து யாருக்குத் தெரிந்தாலும் உடனே மருந்து. நாமக்கல்லில் தொற்று குறைந்ததற்கு ஆணுறையைச் சொல்வார்கள், விளம்பரத்தைச் சொல்வார்கள், அதிகாரிகளைச் சொல்வார்கள். ராத்திரி டூட்டி பார்த்த அந்த நர்சுகளை யாரும் சொல்வதில்லை. அவர்களில் பலரும் தொகுப்பூதியத்தில் இருந்தவர்கள். 2015இல் தேர்வு வைத்து எடுக்கப்பட்ட நர்சுகளுக்கு மாசம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் கூடி உட்கார்ந்து போராடியபோதுதான் நாட்டுக்கு அந்தத் தொகை தெரிந்தது.

கணக்குப் போடாததன் விலையை 2018 டிசம்பரில் சாத்தூரில் பார்த்தோம். ரத்தசோகைக்காக வந்த கர்ப்பிணிக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஏற்றிய ரத்தத்தின் மூலம் எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் கொடுத்த பையனுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே முகாமில் தொற்று தெரிந்தும், அவனிடம் சொல்லப்படவில்லை என்று செய்திகள் வந்தன. விஷயம் வெளியானதும் அவன் உயிரை விட்டான். நடவடிக்கை லேப் டெக்னீசியன்கள் மேல் பாய்ந்தது. அவர்கள் தப்பு செய்யவில்லை என்று வாதாட வரவில்லை. முடிவு வந்தவனைத் தேடிப்பிடித்துச் சொல்வது யார் வேலை, அதற்கு ஆள் இருந்தாரா, ஒரு நாளைக்கு எத்தனை பை ரத்தம் ஒரு டெக்னீசியன் கையில் போனது என்ற கேள்விகள் கேட்கப்படாமலே கோப்பு மூடுவது எங்கும் நடக்கிற வழக்கம். கடைசிப் படியில் நிற்கிறவனோடு பழியை நிறுத்துவது லாரிக்கு மட்டுமான பழக்கம் அல்ல.

இனி, எந்தக் கணக்கிலும் வராதவர்கள்.

இந்திய சுகாதார வேலையாட்கள் பற்றி 2016இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. சுதிர் ஆனந்த், விக்டோரியா ஃபான் எழுதியது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் ஜனங்கள் தங்கள் தொழிலாகச் சொன்னதை வைத்து, மாவட்டம் மாவட்டமாக எண்ணியிருக்கிறார்கள். அலோபதி டாக்டர் என்று சொன்னவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மருத்துவப் படிப்பு இல்லை, கிராமத்தில் படிப்புள்ளவர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு என்று அது சொன்னது பெரிய பரபரப்பானது. நல்ல வேலை. ஆனால் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், வைத்தியர் என்று போகிற அந்தப் பட்டியலில் வார்டைக் கூட்டுகிறவர் இல்லை. பிரசவ வார்டில் ரத்தத்தைக் கழுவுகிறவர், ஊசி கிடக்கிற குப்பையை அள்ளுகிறவர், பிணவறையில் உடம்பைத் தூக்குகிறவர் யாரும் சுகாதார வேலையாள் அல்ல. சேலம், நாமக்கல் பக்கம் இந்த வேலைகளில் அருந்ததியர் எத்தனை பேர் என்று எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்தாலும் தெரியும்.

என் சின்னம்மா ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டுகிற வேலை பார்த்தார். எய்ட்ஸ் புதுசாக வந்த நாளில், நர்ஸம்மா இரண்டு கையுறை போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பாங்களாம். இவரிடம் ஒன்றும் தரமாட்டார்கள். "உங்களுக்கெல்லாம் பழக்கம்தானே" என்று ஒருவர் சொன்னாராம். நோயாளி செத்தால் துணியில் சுற்றுவதும் இவர்தான், குடும்பம் கிட்ட வரப் பயந்து நிற்கும்போது கடைசியாக முகம் துடைத்துவிடுவதும் இவர்தான். "டாக்டர் ஒருநாளும் அவன்கிட்ட உக்காந்து பேசல கண்ணு, நாந்தான் கஞ்சி ஊத்துனேன்" என்று சொல்வார். ஆலோசகர் என்ற பதவி வருவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர் அவர். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இருந்தது 'துப்புரவு' மட்டும்.

இப்போது அந்த வேலையும் அரசுப் பட்டியலிலிருந்து பெரும்பாலும் போய்விட்டது. அரசு ஆஸ்பத்திரிகளில் துப்புரவைத் தனியார் ஒப்பந்தத்துக்கு விட்டாகிவிட்டது. ஆள் கணக்கு ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் நோட்டில். 2016 மருத்துவக் கழிவு விதிகள் என்ன சொல்கின்றன? கழிவைக் கையாளும் எல்லோருக்கும் மஞ்சள்காமாலை பி தடுப்பூசி போட வேண்டும், பயிற்சி தர வேண்டும், வருஷம் ஒருமுறை உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். எல்லோருக்கும் என்றால் முதலில் எல்லோர் பெயரும் ஒரு இடத்தில் இருக்க வேண்டாமா? மாசத்துக்கு மாசம் ஆள் மாறுகிற நோட்டை வைத்து மூணு தவணை ஊசியை எப்படி முடிப்பது?

இதெல்லாம் முடியாத கணக்கு அல்ல. வேலையாட்களை எண்ணுவதன் பலத்தை இந்த மாகாணம் நன்றாகவே அறியும். 1916இல் பிராமணரல்லாதார் அறிக்கை அரசு வேலைகளில் யார் எத்தனை பேர் என்று எண்ணித்தான் அரசியல் செய்தது. அந்தக் கணக்கில் நம்முடைய பங்கு பிறகும் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது வேறு கதை. 2008இல் நீதிபதி ஜனார்த்தனம் குழு அருந்ததியருக்கு வேலையில், படிப்பில் கிடைத்தது எவ்வளவு என்று பார்த்துச் சொன்னதால்தான், 2009இல் 3 சதவீத உள் இடஒதுக்கீடு சட்டமானது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னபோதும், கணக்கு வேண்டும் என்பதையே வலியுறுத்தியது. அப்படியானால் சுகாதாரத் துறையில் மாவட்ட அளவில் ஒரு கணக்கு கேட்போம். ஆலோசகரில் எத்தனை பேர் சேரியிலிருந்து வந்தவர்கள்? கிராம சுகாதார செவிலியரில் எத்தனை பேர்? துப்புரவில் எத்தனை பேர்? மூணாவது எண் பெரிசாகவும் முதல் இரண்டு சிறிசாகவும் இருந்தால், அது வேலை நியாயம் பற்றிய கேள்வி மட்டுமல்ல, மருந்து பற்றிய கேள்வியும்கூட.

ஏன் என்று சொல்கிறேன். மருந்து விட்டுப்போனவரைத் தேடிச் சேரிக்கு வருகிற பணியாளர் வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்து பேசினால் விஷயம் நாலு சுவருக்குள் இருக்கும். தெருமுனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஊருக்கே தெரியும். பலபேர் மருந்தை நிறுத்துவது மருந்து கசப்பதால் அல்ல, இந்தக் கூப்பிடுதலால். எச்.ஐ.வி. சட்டம் 2017இல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரகசியத்தைக் காப்பதும் பாகுபாடு காட்டாததும் சட்டக் கடமை. தெருமுனையில் நிற்பது சாதிப் பழக்கமா, ரகசிய மீறலா என்று சட்டம் பிரித்துப் பார்க்காது. அங்கே அடிபடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். சேரியிலேயே பிறந்த, பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகர் இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? பாதி தீரும். சொந்தத் தெருக்காரி என்பதாலேயே சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. அதனால்தான் ஒரே விதி போடாமல் இடத்துக்கு இடம் கணக்கு வேண்டும் என்கிறேன். எண்ண வேண்டியது வேலையாளை, நோயாளியின் பெயரை அல்ல. இந்த இரண்டையும் குழப்பினால் 1986க்கே திரும்பிப் போய்விடுவோம்.

ஊசி குத்தினால் என்ன செய்வது என்பதற்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் விதி உண்டு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். டாக்டருக்குக் குத்தினால் மணிக்கணக்கு தொடங்கிவிடும். குப்பைப் பையைத் தூக்கும்போது குத்துப்பட்ட ஒப்பந்தப் பெண் முதலில் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகுமோ என்ற பயத்தில் ஒரு ராத்திரி யோசிக்கிறாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை சூப்பர்வைசர் வேற ஆஸ்பத்திரிக்கு டூட்டி. மாத்திரை அதே கட்டடத்தில், அவள் தினமும் கூட்டுகிற ரூமில், அலமாரியில் இருக்கிறது.